இரண்டு சென்டிமீட்டர்

ஐந்தாண்டு கடந்த உடல்நல அட்டைகளைக்
கிழிக்கும் இயந்திரத்தில் போட்டுவிடச் சொல்லிவிட்டார்கள்.
மங்காஃபில், பள்ளியின் தரைத்தளத்தில்,
ஜன்னல் இல்லாத என் அறையில்
நீல அட்டைகள் நானூற்றுச் சொச்சம்.
போடுமுன் ஒன்றிரண்டைப் புரட்டுகிறேன்.
புரட்டியிருக்கக் கூடாது.

ரெக்ஸன். ரெக்ஸலின்.
பத்து நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள்.
ஆறாம் வகுப்பில் இருவரும் நூற்று முப்பத்தெட்டு.
ஒரே குப்பூஸைப் பிய்த்துத் தின்று
ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகத் தூங்கி வளர்ந்த இரட்டை.

நான்கு மணிக்கு வேன் இறக்கிவிடும்.
அவன் பையை வாசலிலேயே வீசிவிட்டு
பள்ளிவாசலுக்குப் பின்னால், கார்கள் நிற்கும் மணலுக்கு ஓடுவான்,
டேப் சுற்றிய பந்தோடு.
அவள் லிஃப்டுக்குள் போவாள்.
கதவு மூடிக்கொள்ளும்.
அம்மாவுக்கு சல்வாவில் ஒரு வீட்டில் ஒன்பது மணி வரை வேலை.
அரிசி களைய வேண்டும், பாத்திரம், துணி.
பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நான்கு ஆண்கள் குடியிருந்தார்கள்.
நல்லவர்கள்தான்.
என்றாலும் உள்தாழ்ப்பாள்.

காலையில் நிரப்பிய பாட்டில் மாலையிலும் நிரம்பியே இருக்கும்.
"வேன்ல முக்கால் மணி நேரம் சிஸ்டர்,
நடுவுல முட்டிக்கிட்டு வந்தா?"
எட்டாம் வகுப்பு அட்டையில் மூன்று இடத்தில்
சிறுநீர்த் தொற்று என்று என் கையெழுத்து.
ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஆறு.

குவைத்தில் வெயிலுக்கா பஞ்சம்?
மே மாதம் கார்க் கதவைத் தொட்டால் விரல் பொரியும்.
அந்த ஊரில், ஒன்பதாம் வகுப்பில்,
அவளுக்கு வைட்டமின் டி ஏழு.
கால் கடுக்கிறதென்று மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.
டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன்.
அந்த மாதம் அப்பாவின் அக்காமா புதுப்பிக்கப்படவில்லை.
கடிதம் நான்காக மடிந்து
கணக்கு நோட்டுக்குள் கிடந்ததைப் பிற்பாடுதான் பார்த்தேன்.

அதே வகுப்பில் அபூர்வா.
அஹ்மதியில் எண்ணெய்க் கம்பெனி வீடு, புல்தரை, மர நிழல்.
முகம் வெளுத்த மறுநாளே
ரத்தப் பரிசோதனை, ஊசி, நீச்சல் வகுப்பு.
அவளையும் இரண்டு முறை பிடித்தேன்,
மதியச் சாப்பாட்டைக் குப்பைக்கூடையில் கவிழ்க்கும்போது.
"ஃபோட்டோல என் கை மட்டும்தான் தெரியுதாம். சித்தி சொன்னாங்க."

ரெக்ஸனின் அட்டை சுத்தமாக இருக்கிறது.
அதை நம்பினேன்.
ரத்தம் ஒழுகினால் ஒழிய
பையன்கள் என் அறைக்கு வருவதில்லை.
பத்தாம் வகுப்பு விடுமுறையில் ஷுவைக்கில் டயர் கடை,
பகல் முழுக்க எனர்ஜி டிரிங்க்,
குனிந்தால் நிமிர முடியாத இடுப்பு.
தங்கச்சிதான் சொன்னாள்.
அவனைக் கேட்டேன். சிரித்தான்.
"ஜிம் சிஸ்டர், ஜிம்."

பன்னிரண்டாம் வகுப்பில் கடைசி அளவு.
அவன் நூற்று எழுபத்தொன்று.
ஆணுக்கும் பெண்ணுக்கும் வளர்த்தி வேறு, தெரியும்,
நானும் படித்துத்தான் இந்த வெள்ளை உடுப்பைப் போட்டேன்.
ஆனால் அவள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து
நூற்று நாற்பத்தொன்பதிலேயே நின்றிருந்தாள்.
விமான நிலையத்தில் ஏதோ வேலைக்கு
நூற்றைம்பதுக்கு மேல் கேட்கிறார்களாம்.
சுவரில் முதுகை ஒட்டி நின்றாள்.
குதிகால் மெல்ல எழும்பியது.
சட்டத்தை அவள் தலையில் இறக்கி,
கீழே பார்க்காமல்,
நூற்று ஐம்பத்தொன்று என்று எழுதினேன்.

ஏழு வருடத்தில் அவளுக்கு நான் கொடுத்தது
அந்த இரண்டு சென்டிமீட்டர்.
வேலை கிடைத்ததா, தெரியாது.

இயந்திரம் நீல அட்டையைச் சேமியாவாகத் துப்புகிறது.
வெளியே ஆறாம் வகுப்பு வரிசை,
சாக்ஸ் நாற்றம், தள்ளுமுள்ளு.
கடைசியில் ஒருத்தி,
மாலை மூன்று மணிக்கும் கழுத்துவரை நிரம்பிய பாட்டிலோடு.
ஷூவைக் கழற்றக் குனிகிறாள்.

இரு. முதல்ல தண்ணியக் குடி.
பாத்ரூம் அந்தப் பக்கம்.
கதவுக்கு வெளியே நான் நிக்கிறேன்.